எருவை உண்பது யார்? கியா பார்ம் மண்ணில் அமினோ அமிலங்களின் சிதைவு



மொழிக்கென அமைந்த இம்மேடையில் இன்று மண்ணைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று மேடைதோறும் முழங்குவதைவிட, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைத் தமிழிலேயே இறுதிவரை விளக்கிக் காட்டுவது பயன் மிக்கது என்று கருதுகிறோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள், மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அமினோ அமிலங்களைச் சிதைக்கும் முறை. எடுத்துக்கொண்ட இடம், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் உள்ள கியா பார்ம்.

ஒரு மலை, இரு நிலங்கள்

பிரிஞ்சாங் நகரைக் கடந்து வடக்கே செல்லும் மலைச்சாலையில், கடல் மட்டத்திற்கு 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த சிற்றூர் கியா பார்ம். சாலையோரக் காய்கறிச் சந்தையால் அதன் பெயர் மலேசியர் பலருக்கும் தெரியும். சந்தைக்கு அப்பால், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த நிலங்களில் முட்டைகோசும் தக்காளியும் கீரை வகைகளும் வளர்கின்றன. அவற்றுள் பலவற்றின் மேல் மழையைத் தடுக்கும் நெகிழிக் கூரை. அங்கிருந்து சிறிது தொலைவிலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் விரிந்து கிடக்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. இம்மலையின் தேயிலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளரின் கைபடாத இடம் இல்லை. கொழுந்து, கவ்வாத்து, லயம் முதலிய சொற்கள் அவர்கள் வழியே இங்கு வேர்கொண்டன.

காய்கறி நிலத்திற்கும் தேயிலை நிலத்திற்கும் தாய்ப்பாறை பெரும்பாலும் ஒன்றே. கருங்கல் சிதைந்து உருவான அமில மண். மழையும் ஒன்றே, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர். குளிரும் ஒன்றே, சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியசை ஒட்டியது. ஆயினும் இவ்விரு நிலங்களிலும் இடப்படும் எருவின் கதி ஒன்றன்று. அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, எருவை உண்பது யார் என்னும் வினாவிலிருந்து தொடங்க வேண்டும்.

பயிருக்கு எருவிடுகிறோம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அந்த எருவைப் பயிர் அப்படியே உண்பதில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்கின்றன. அவை தமக்கு வேண்டாம் என்று கழிப்பதையே பயிர் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒரு கருத்துத்தான். மற்றவை இதன் விளக்கம்.

அமினோ அமிலத்தின் கணக்கு

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்று சொற்கள் நம் உழவர் வழக்கில் உள்ளன. இவற்றுள் தழைச்சத்து என்பது நைட்ரசன். இலையும் தழையும் செழிக்கக் காரணமானது என்பதை அப்பெயரே சொல்கிறது. மண்ணில் உள்ள தழைச்சத்தில் மிகப் பெரும் பகுதி, இலைச்சருகு, வேர், எரு, இறந்த உயிர்கள் ஆகியவற்றின் கரிமப் பொருள்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அவற்றுள் முதன்மையானது புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட நீண்ட மாலை. புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் 20 வகை. ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு கரிம அணு. அதன் ஒரு பக்கம் நைட்ரசன் கொண்ட அமினோ தொகுதி. மறுபக்கம் அமிலத் தொகுதி. எஞ்சிய பக்கத்தில் அமையும் பக்கச் சங்கிலியே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது.

மாலை முழுவதும் பாக்டீரியாவின் உடலுக்குள் நுழைய இயலாது. அதன் செல்சுவர் அத்துணைப் பெரிய மூலக்கூற்றை ஏற்காது. எனவே பாக்டீரியா முதலில் புரதச் சிதைப்பு நொதிகளைத் தன் உடலுக்கு வெளியே மண்ணீரில் விடுகிறது. அவை மாலையைத் துண்டு துண்டாக வெட்டி மணிகளைப் பிரிக்கின்றன. இது மெதுவான படி. பிரிந்த மணிகள் உடனே உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. பல நாடுகளின் மண்ணில் நடந்த ஆய்வுகளில், மண்ணில் விடப்பட்ட அமினோ அமிலத்தில் பாதி சில மணி நேரத்திலேயே மறைந்துவிடுகிறது. தாவர வேர்களும் அமினோ அமிலத்தை நேராக உறிஞ்ச வல்லவை என்பது மெய்யே. குளிர் நாட்டுக் காடுகளில் அது தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. ஆனால் வளமான பயிர் நிலத்தில் வேர் வந்து சேரும் முன்பே பாக்டீரியா பந்தியை முடித்துவிடுகிறது.

உள்ளே சென்ற அமினோ அமிலம் இரு வகையில் பயன்படும். சில மணிகள் அப்படியே பாக்டீரியாவின் சொந்தப் புரதத்தில் சேரும். மற்றவை எரிபொருளாகும். எரிபொருளாவதற்கு முன் அமினோ தொகுதி கழற்றப்பட வேண்டும். பல அமினோ அமிலங்களின் அமினோ தொகுதிகள் முதலில் குளுட்டாமிக் அமிலத்தின் மீது ஏற்றப்படுகின்றன. பின்னர் அதிலிருந்து அம்மோனியாவாகப் பிரிகின்றன. எஞ்சும் கரிமச் சட்டம் கீட்டோ அமிலமாகி, நம் உடலின் செல்களில் நடப்பது போன்ற சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் புகுந்து ஆற்றலைத் தருகிறது.

இனி ஒரு கணக்கு. பாக்டீரியாவின் உடலில் ஒரு நைட்ரசன் அணுவுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 கரிம அணுக்கள் உள்ளன. உடலைக் கட்டுவதற்கு வேண்டிய அளவு கரிமத்தையோ அதற்கும் மேலாகவோ ஆற்றலுக்காக அது எரித்தாக வேண்டும். ஆகவே ஒரு நைட்ரசனைத் தனதாக்க, குறைந்தது 10 முதல் 12 கரிம அணுக்கள் தேவை. அலனைன் என்னும் அமினோ அமிலத்தில் கரிமம் 3, நைட்ரசன் 1. நான்கு அலனைன்களை உண்டால் 12 கரிமமும் 4 நைட்ரசனும் கிடைக்கும். பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒரு நைட்ரசன் மட்டுமே. மற்ற மூன்றும் மிகை. அம்மிகையை அம்மோனியாவாக வெளியேற்றிவிடுகிறது. நம் முட்டைகோசும் தேயிலையும் காத்து நிற்பது இந்த மிகைக்காகவே.

கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மரத்தூளில் கரிமம் மிகுதி, நைட்ரசன் மிகக் குறைவு. அதை மண்ணில் இட்டால் பாக்டீரியாவுக்குக் கரிமம் நிறையக் கிடைக்கும், நைட்ரசன் போதாது. அது மண்ணிலிருக்கும் அம்மோனியத்தையும் எடுத்துத் தன் உடலில் பூட்டிவிடும். பயிர் வெளிறும். எடைக்கணக்கில், கரிமம் நைட்ரசனைப் போல் 20 மடங்குக்குக் குறைவாக உள்ள எரு தழைச்சத்தை விடுவிக்கும். 30 மடங்குக்கு மேற்பட்டது பூட்டும் என்று வேளாண் நூல்கள் கூறுவது இதன் அடிப்படையிலேயே.

நாற்றம் சொல்லும் செய்தி

இதுவரை சொன்னது உயிர்வளி கிடைக்கும் மண்ணில் நடப்பது. ஈரம் மிகுந்து காற்றுப் புகாத எருக்குவியலில் வேறு வழிகள் திறக்கின்றன. 1934இல் ஸ்டிக்லண்ட் என்னும் ஆங்கிலேய உயிர்வேதியியலார், குளோஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா உயிர்வளியின்றியே அமினோ அமிலங்களால் வாழ்வதை விளக்கினார். அது அமினோ அமிலங்களை இணை இணையாகச் சிதைக்கிறது. ஓர் அலனைன் எலக்ட்ரான்களைக் கொடுக்கும். இரண்டு கிளைசீன்கள் அவற்றை வாங்கிக்கொள்ளும். முடிவில் அசிட்டிக் அமிலமும் கரியமில வாயுவும் அம்மோனியாவும் எஞ்சும். இத்தகைய குவியலில் சில பாக்டீரியாக்கள் அமினோ தொகுதியை விட்டுவிட்டு அமிலத் தொகுதியைக் கழற்றுகின்றன. அவ்வாறு லைசீனிலிருந்து கடவெரீனும் ஆர்னித்தீனிலிருந்து புட்ரெசீனும் பிறக்கின்றன. பிண நாற்றத்தின் பொருள்கள் அவை. கந்தகம் கொண்ட சிஸ்டீன் சிதைந்தால் அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைடு எழும்.

மலைச்சாலையில் செல்வோர் எருவின் நாற்றம் கண்டு மூக்கைப் பொத்துகின்றனர். அந்நாற்றம் மூக்கிற்கு மட்டும் உரிய செய்தியன்று. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா எழுகிறது என்றால், உழவர் விலை கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிறது என்று பொருள். அழுகல் நாற்றம் எழுகிறது என்றால், குவியலுக்குள் காற்றில்லை என்று பொருள்.

கேமரன் மலையின் காய்கறி நிலங்களில் பெரிதும் பயன்படுவது கோழியெரு. அதன் நைட்ரசனில் பெரும்பகுதி யூரிக் அமிலம். எஞ்சியதில் செரிக்காத தீவனப் புரதமும் இறகின் புரதமும் உண்டு. யூரிக் அமிலம் பாக்டீரியாக்களால் யூரியாவாகி, யூரியேசு நொதியால் விரைவில் அம்மோனியாவாகும். (இதே யூரியேசைத்தான் 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்து, நொதி என்பது புரதமே என்று காட்டி, 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.) ஆகவே கோழியெருவில் தழைச்சத்து இரு பகுதியாக வருகிறது. ஒன்று சில நாளில் வெளிப்பட்டுவிடும். மற்றொன்று புரதமாக இருந்து வாரக்கணக்கில் மெதுவாக வெளிப்படும்.

அம்மோனியத்தின் அடுத்த பயணம்

அமில மண்ணில் அம்மோனியா ஒரு ஐதரசன் அயனியை ஏற்று அம்மோனியம் ஆகிறது. அம்மோனியம் நேர்மின் கொண்டது. களிமண்ணும் மக்கும் எதிர்மின் கொண்டவை. எனவே மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அம்மோனியத்தையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் உள்ளன. 1890ஆம் ஆண்டை ஒட்டி, உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி இவ்வுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும். மற்றொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டு எதிர்மின் கொண்டது. அதை மண் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை. பெய்யும் மழையோடு அது கீழிறங்கிவிடும். காற்றில்லாத ஈர மண்ணில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரசன் வாயுவாகவும், ஒரு பகுதியை நைட்ரசு ஆக்சைடாகவும் மாற்றும். நைட்ரசு ஆக்சைடு 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கவல்லது.

இங்கேதான் இரு நிலங்களும் பிரிகின்றன. முட்டைகோசு அமில மண்ணை விரும்பாது. எனவே காய்கறி உழவர் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணிக்கின்றனர். அது பயிருக்கு நன்மை. அதே வேளையில் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதுவே விருந்து. சுண்ணாம்பையும் புது எருவையும் ஒரே நாளில் கலந்து இட்டால், அம்மோனியம் ஐதரசனை இழந்து மீண்டும் அம்மோனியாவாகிக் காற்றில் பறக்கும். மேலும், நட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில் முட்டைகோசு நாற்று மிகக் குறைந்த தழைச்சத்தையே எடுக்கும். தலை கட்டும் பருவத்தில்தான் அதன் பசி பெருகும். நடவுக்கு முன்னே அள்ளி இட்ட எருவைப் பாக்டீரியாக்கள் உண்டு முடித்து மிகையை விடுவிக்கும்போது, அதை வாங்க வேர் இல்லை. வேர் வந்து கேட்கும்போது, கொடுக்க மிகை இல்லை. அப்போது உழவர் மீண்டும் எருவிடுகிறார். குறை எருவின் அளவில் இல்லை, வேளையில் இருக்கிறது.

தேயிலை வேறு. அது அமில மண்ணை விரும்பும் செடி. நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி எடுக்கும் செடி. ஆண்டு முழுதும் வேர் மண்ணில் இருக்கிறது. ஆகவே எந்நாளும் வாங்க ஆள் உண்டு. கவ்வாத்தில் வெட்டிய இலையும் சிறு கிளையும் நிலத்திலேயே விடப்படும்போது, அவை மண்ணை மூடி மழையின் அடியைத் தாங்குவதோடு, கரிமமும் நைட்ரசனும் கலந்த மெதுவான உணவாகின்றன. அளவுக்கு மீறி யூரியா இட்டால் தேயிலை நிலமும் தழைச்சத்தை இழக்கும், மண்ணின் அமிலமும் ஏறும் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே காலத்தில் இருக்கும் ஏற்பாடு அங்கே இயல்பாகவே அமைந்துள்ளது.

தேயிலை தன் வேரில் அந்த அம்மோனியத்தை என்ன செய்கிறது? மீண்டும் ஓர் அமினோ அமிலமாக்குகிறது. அதன் பெயர் தியனைன். 1949இல் சப்பானில் பச்சைத் தேயிலையிலிருந்து அது கண்டறியப்பட்டது. தேயிலையில் தனித்து உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழப் பாதி அதுவே. வேரில் உருவாகிக் கொழுந்துக்கு ஏறி, தேநீருக்கு அதன் மென்சுவையைத் தருகிறது. மண்ணில் பாக்டீரியா பிரித்த நைட்ரசனைத் தேயிலை மீண்டும் கோத்துத் தருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

வள்ளுவர் கண்ட புழுதி

திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில், உழுவதைவிட எருவிடுதல் நன்று என்கிறார். அதற்கு முந்திய குறளிலோ, ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்வரை உழுத மண்ணைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கிறார். அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் முரண்போலத் தோன்றலாம். 1958இல் பர்ச் என்னும் மண்ணியலார், கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை உலர்த்தி மீண்டும் நனைத்து ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள் இங்கே துணைக்கு வருகின்றன. மண் நன்கு காயும்போது நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது. பிழைப்பவை வறட்சியைத் தாங்கத் தம் உடலுக்குள் புரோலின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்து வைக்கின்றன. மழை விழுந்ததும் மடிந்தவற்றின் உடற்பொருளும் பிழைத்தவை வெளியிடும் சேமிப்பும் ஒருசேரக் கரைகின்றன. எஞ்சிய பாக்டீரியாக்கள் அவற்றை விரைந்து உண்டு மிகை நைட்ரசனை வெளியிடுகின்றன. வெளியிலிருந்து எரு வரவில்லை; நுண்ணுயிரின் உடலே எருவாயிற்று. இதை வள்ளுவர் வேதியியலாக அறிந்திருந்தார் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. உழவரின் நீண்ட கவனிப்பு குறளில் பதிவாகியுள்ளது. அதன் காரணங்களுள் ஒன்றை இன்று நம்மால் சொல்ல முடிகிறது. இலக்கிய வகுப்பும் அறிவியல் வகுப்பும் சந்திக்கக்கூடிய நல்ல இடம் இது.

பள்ளியில் செய்து பார்க்க

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனை. மூடியுள்ள நான்கு கண்ணாடிப் புட்டிகளில் தோட்ட மண்ணைச் சம அளவில் இட்டு ஈரமாக்குங்கள். முதல் புட்டியில் மண் மட்டும். இரண்டாவதில் மண்ணோடு, உப்புப் போகக் கழுவி உலர்த்தி இடித்த நெத்திலிப் பொடி ஒரு கரண்டி. மூன்றாவதில் நெத்திலிப் பொடியோடு ஐந்து கரண்டி சீனி. நான்காவதில், அழுத்தக் கலத்தில் ஒரு மணி நேரம் வேகவைத்து ஆறிய மண்ணும் நெத்திலிப் பொடியும். ஒரு வாரம் கழித்து, ஆசிரியரே ஒவ்வொன்றிலும் சிறிது சுண்ணாம்பு கலந்து, நனைத்த சிவப்பு லிட்மசுத் தாளை மூடியின் உட்புறம் தொங்கவிட வேண்டும். திறப்பது காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும். பின்னர்க் கைகளைக் கழுவிக்கொள்ளட்டும்.

இரண்டாம் புட்டியின் தாள் விரைவில் நீலமாகும் என எதிர்பார்க்கலாம். புரதத்தின் மிகை நைட்ரசன் அம்மோனியாவாக எழுந்துள்ளது. மூன்றாவதில் நீலம் மங்கலாகவோ காலந்தாழ்ந்தோ தோன்றும். சீனியால் கரிமம் பெற்ற பாக்டீரியாக்கள் நைட்ரசனைத் தம் உடலில் பூட்டிவிட்டன. நான்காவதில் உணவு இருந்தும் உண்பார் அரிதாகிவிட்டதால் மாற்றம் குறைவாகவே இருக்கும். சுண்ணாம்பு எதற்கு என்று மாணவர் கேட்பார்கள். எருவையும் சுண்ணாம்பையும் ஒன்றாக இடக்கூடாது என்னும் உழவுப் பாடத்தை அப்போது சொல்லலாம்.

தமிழ்நாட்டு இயற்கை உழவர், மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து மூடிவைத்து 'மீன் அமிலம்' செய்கின்றனர். அங்கே வெல்லத்தின் செறிவு அழுகல் பாக்டீரியாக்களை வளரவிடுவதில்லை. மீனின் சொந்த நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக வெட்டுகின்றன. அதை நீரில் கலந்து பயிருக்குத் தெளிக்கும்போதுதான் பாக்டீரியாக்களின் பந்தி தொடங்குகிறது.

எது பணயமாக இருக்கிறது

பெர்த்தாம், தெலோம் ஆறுகள் இம்மலையில் ஓடுகின்றன. சரிவில் இடும் எருவின் மிச்சம் மழையோடு இறங்கிச் சேரும் இடம் ஓடையும் ஆறுமே. ஆற்றை நம்பி வாழும் செமாய் பழங்குடியினர் உள்ளனர். கீழே உள்ள ஊர்களும் உள்ளன. குடிநீரில் நைட்ரேட்டு ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறையக்கூடும். மக்காத கோழியெருவில் பெருகும் ஈக்கள் பற்றிய முறையீடும் இம்மேட்டு நிலத்தில் பழையதே.

உழவரைக் குறை சொல்லி இதற்குத் தீர்வு காண முடியாது. சந்தை விலைக்கு இடையே, செங்குத்தான சரிவில், கடன் வாங்கிப் பயிரிடுவோர் அவர்களுள் பலர். விளைச்சல் குறையும் என்னும் அச்சமே எருவைக் கூட்டி இடச் செய்கிறது. மிகையாக இட்ட எரு அவர்களுடைய பணமும் ஆகும் என்பதை எடுத்துக்காட்டுவதே நாம் செய்யத்தக்கது. கோழியெருவை மரத்தூள், உமி போன்ற கரிமம் மிக்க பொருளோடு, எடைக்கணக்கில் கரிமம் 25 முதல் 30 மடங்கு இருக்குமாறு கலந்து, அவ்வப்போது புரட்டிக் காற்றூட்டி மக்கச் செய்தால், குவியலின் சூடு 55 பாகையைத் தாண்டும். அச்சூட்டில் ஈயின் புழுக்கள் மடியும். எழும் அம்மோனியத்தில் பெரும்பங்கு நுண்ணுயிரின் உடலில் பூட்டப்பட்டு மெதுவாக விடுபடும். எருவை மேலே தூவி விடாமல் மண்ணுள் புதைத்தல், சுண்ணாம்பிட்டு இரண்டு வாரமேனும் கழித்து எருவிடுதல், மொத்தத்தையும் நடவின்போதே இடாமல் பயிரின் பசிக்கேற்பப் பிரித்து இடுதல், பெருமழைக்கு முன் இடாமை ஆகியவை பெருஞ்செலவு இல்லாத வழிகள். குளிர்ந்த மலையில் இவ்வேலை தாழ்நிலத்தைவிட மெதுவாக நடக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் நுண்ணுயிரின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். தாழ்நிலத்து அட்டவணையை மலைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

மாணவச் செல்வங்களே, ஒரு பிடி மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் நமக்காக உழைப்பதில்லை. தம் பசிக்காக உழைக்கின்றன. அவற்றின் பசி எப்போது எழும், எப்போது மிகை வெளிப்படும் என்று அறிந்து, அந்த வேளையில் வேர் அங்கே இருக்குமாறு செய்வதே உழவுத் திறம். அதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டும். அதைக் கேமரன் மலையின் உழவர் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க அவர்கள் பேசும் மொழிகள் வேண்டும். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. இன்று இங்கே கற்ற சொற்களோடு உங்களுள் சிலரேனும் ஒரு நாள் அந்நிலங்களுக்குச் சென்று உழவரோடு அமர்ந்து பேசுவீர்களாயின், இப்பொழிவு தன் பயனை அடைந்ததாகக் கொள்வோம்.